கழுத்துக்குள் இருந்த பலகை

செப்டெம்பர் 28, ஞாயிறு

வாய் முந்திக்கொண்டது. இனி மாற்ற முடியாது.

பக்கத்து வீட்டுப் பெண் யோசெப்பின், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இந்த வருடமாவது ஹலோவீனுக்கு வாசலில் ஏதும் வைப்பீர்களா என்று கேட்டார். போன வருடம் நாங்கள் இல்-பிசார் தீவுக்குக் குடிவந்த புதிது. தெரு முழுக்க எலும்புக்கூடும் பூசணிக்காயுமாக இருக்க, எங்கள் வாசல் மட்டும் விளக்கில்லாமல் கிடந்தது. எங்களுடையதுதான் உண்மையான பேய்வீடு என்று நினைத்துப் பிள்ளைகள் ஓட்டமாய்க் கடந்து போனார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். கடையில் காற்றடித்து நிறுத்தும் பொம்மை இருக்கிறது என்று வழியும் காட்டினார்.

"வாங்கமாட்டேன், மரத்தில் செய்வேன்" என்று சொல்லிவிட்டேன். பத்தொன்பது வருடமாகச் சமையலறை அலுமாரித் தொழிற்சாலையில் பலகை வெட்டுகிறவள் காற்றுப் பொம்மை வாங்கி வைப்பதா?

இவரிடம் சொன்னேன். மனுசன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உமக்கு வேற வேலை இல்லையே ஜெகா?" என்றார். இல்லைத்தான். மகள் தனுஷா ஒட்டாவாவுக்குப் படிக்கப் போனபிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை இருக்கிறது?

ஒக்டோபர் 1, புதன்

எனக்குத் தெரிந்த பேய் ஒன்றுதான். கோவில் சூரன். கந்தசஷ்டி கடைசி நாளில் முருகனோடு சண்டைக்கு வருவானே, ஒரு தலை போக இன்னொரு தலையைப் பொருத்திக்கொண்டு, அவன். தலை மாற்றும் பேய் இந்தத் தெருவில் யாரிடமும் இருக்காது.

தொழிற்சாலையில் கழிவுப் பலகை கேட்டேன். கூட வேலை செய்யும் றெக்ஸ் ஒரு தள்ளுவண்டி நிறையக் கொண்டுவந்து என் வாகனத்தில் ஏற்றிவிட்டான். "அக்கா, பேய்க்கு மெலமைன் பூசின பலகையோ? பணக்காரப் பேய்தான்" என்றான். எல்லாம் மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. அலுமாரிக்குப் போதும். பேய்க்கும் போதும்.

ஒக்டோபர் 4, சனி

உடல் முடிந்தது. ஆறடி. இரண்டு கைகளுக்கும் கயிறு. பின்னால் நின்று இழுத்தால் தூக்கும். கழுத்துக்கு மூன்று பலகைத் துண்டுகளை ஒட்டி, நடுவில் துளை போட்டேன். தலைக்குக் கீழே உள்ள முளை அந்தத் துளையில் இறங்கும். அளவு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போன வருடத்து மட்டை அச்சு கராஜில் அப்படியே இருந்தது.

போன வருடத்து அச்சு. அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன், வேறு எங்கும் சொல்லவில்லை.

கோவில் சூரனின் கழுத்துக்கட்டை போன வருடம் வெடித்துவிட்டது. திருத்தித் தருகிறேன் என்று இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டு பின்னேரம் கராஜில் இருந்து மல்லுக்கட்டினார். மூன்றாம் நாள் இவர் துறைமுகத்துக்கு லொறி ஓடப் போயிருந்த நேரம் நான் புதிதாக ஒன்று செய்து வண்ணமும் அடித்து வைத்துவிட்டேன். வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொண்டுபோய்ச் சூரனில் பூட்டினார். சூரன்போர் முடிந்ததும் குணரத்தினம் அண்ணை — அவர்தானே கோவிலில் எல்லாம் — மேடைக்குக் கூப்பிட்டு, "எங்கட பேரின்பநாதன்ர கைவண்ணம்" என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். நானும் சனத்தோடு நின்று கைதட்டினேன்.

கோபம் வந்ததா? அன்றைக்கு இல்லை. இந்த நாட்டுக்கு வந்து இருபத்திநாலு வருடத்தில் இவரை ஒருவரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிக் கோபிப்பது? வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடித்து அலுமாரியில் வைத்தபோதுதான் கொஞ்சம் எரிந்தது. "நீர் செய்தது" என்று எனக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஒக்டோபர் 8, புதன்

நான்கு தலைகள். பூசணி, ஓநாய், சூனியக்காரி. நான்காவது மொட்டைத் தலையும் பெரிய மீசையுமாக ஒரு அரக்கன். கண்ணை வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் குணரத்தினம் அண்ணை. வேண்டுமென்று செய்யவில்லை. மாற்றவும் இல்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி

வாசலில் நிறுத்தியாயிற்று. பள்ளிக்கூட பஸ்ஸால் இறங்கிய பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். நான் பின்னால் நின்று கையைத் தூக்கி, தலையை மாற்றிக் காட்டினேன். கத்திக்கொண்டு ஓடி, திரும்பி வந்து இன்னொரு தரம் கேட்டார்கள். யோசெப்பினும் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

இவர் லொறியை விட்டு வந்து, வாசலில் நின்று ஒரு நிமிடம் பார்த்தார். "கந்தசட்டி வருது. வீட்டு வாசல்ல சூரனை நிப்பாட்டி வைச்சிருக்கிறீர். கோவில் ஆக்கள் கண்டா என்ன நினைப்பினம்?" என்றார். கோவில் ஆட்கள் எவரும் இந்தத் தீவுக்கு வருவதில்லை, பஸ்ஸே அருமை என்றேன். உள்ளே போய்விட்டார்.

ஒக்டோபர் 13, திங்கள்

விடுமுறை. மழை. மூன்றாம் நாள்.

ஒக்டோபர் 15, புதன்

ஓநாய்த் தலை ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. காற்றாக்கும்.

ஒக்டோபர் 16, வியாழன்

காற்றில்லை.

காலையில் வேலைக்குப் போகக் கதவைத் திறந்தேன். தலை படியில் கிடந்தது. படிக்கல்லின் விளிம்பு உடைந்திருந்தது. கழுத்தைத் தொட்டேன். வெளியே வண்ணம் பளபளவென்று நல்லாய்த்தான் இருந்தது. துளைக்குள் விரலை விட்டால் பால் தேநீரில் தோய்ந்த பாண் துண்டு மாதிரி. வெளியே மூன்று பூச்சு அடித்த நான் துளையின் உட்பக்கத்துக்கு ஒன்றும் அடிக்கவில்லை. தண்ணீர் அந்த வழியால் இறங்கியிருக்கிறது. பலகை வீங்கி, பிறகு பொரிந்து, தூளாகிவிட்டது. கழுவும் தொட்டிக்குக் கீழே இந்தப் பலகை போடாதீர்கள் என்று தொழிற்சாலையில் எல்லாருக்கும் வகுப்பெடுக்கிறவள் நான்.

வாகனத்தில் ஏறி, பாலத்தைத் தாண்டும்போதுதான் நினைவு வந்தது. கோவில் சூரனின் கழுத்தும் இதே பலகை. இதே துளை. உள்ளே வண்ணம் அடிக்கவில்லை.

ஆடி மாதம் பெருமழைக்கு, சூரனை வைத்திருக்கும் கோவில் நிலவறைக்குள் தண்ணீர் வந்தது.

வேலையில் ஒரு கதவை இரண்டு தரம் பிழையாக வெட்டினேன்.

ஒக்டோபர் 17, வெள்ளி

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன்.

"போன வருசம் நல்லாத்தானே நிண்டது" என்றார்.

"போன வருசம் அது நனையேல்லை."

"தண்ணி கணுக்கால் அளவுதான் வந்தது. சூரன்ர கழுத்து ஆறடி உயரத்தில. நீர் சும்மா பயப்படுறீர்."

"ஒருக்காக் கழட்டிப் பாருங்கோவன். பாத்தா என்ன குறைஞ்சு போகும்?"

கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். என்ன குறைந்து போகும் என்று எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். கழற்றினால் யார் பூட்டுவது? இவருக்குத் திருத்தத் தெரியாது என்று எல்லாரும் பார்ப்பார்கள்.

ஆனால் சூரனைத் தூக்கும் பலகையில், சூரனுக்குப் பின்னால் ஏறி நின்று தலை மாற்றுவது யார்? இவர்தான். கீழே எட்டுப் பேர் தோளில் வைத்து முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டமாய் ஆட்டுவார்கள். யானைத் தலை பதினெட்டுக் கிலோ. ஊரிலிருந்து கொண்டுவந்த கட்டிமரம். பின்னுக்குச் சாய்ந்தால் அது போய் இறங்கும் இடம் இவருடைய நெஞ்சு, இல்லாவிட்டால் முகம்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

சும்மா பயப்படுகிறேனா என்று பார்த்துவிடுவோம் என்று, வெள்ளிக்கிழமையே அதே பலகையில், அதே அச்சில் இன்னொரு கழுத்துச் செய்து தண்ணீர் வாளிக்குள் போட்டிருந்தேன். இன்று எடுத்துக் காயவைத்து, வாசல் பேயில் பூட்டி, முளையில் பதினெட்டுக் கிலோ செங்கல் கட்டினேன். நின்றது. மெல்ல ஆட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு —

ஐந்து எண்ணவில்லை. செங்கல் நான் நின்ற பக்கம்தான் வந்தது. காலை எடுத்துவிட்டேன்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தூளைக் குனிந்து பார்த்தார். "இது வாளிக்குள்ள கிடந்தது. அது நிண்டது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி

கோவிலில் குணரத்தினம் அண்ணையிடம் மெல்லக் கதை கொடுத்தேன். ஆடி மாதத் தண்ணீரில் சூரனுக்கு ஒன்றும் நடக்கவில்லையா அண்ணை?

"ஒண்டும் இல்லைத் தங்கச்சி. சூரனைக் கழட்டிப் படுக்க வைச்சிருந்தனாங்கள். ரெண்டு நாள் தண்ணிக்குள்ள கிடந்தது. பேந்து துடைச்சு எடுத்துப் புதுப் பெயின்ற் அடிச்சாச்சு. இப்ப பாத்தா மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார்."

படுக்க வைத்திருந்தார்கள். தண்ணீருக்குள். இரண்டு நாள்.

நிலவறையைத் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டேன். "உமக்கேன் பிள்ளை அந்தத் தூசிக்குள்ள? பேரின்பநாதன் பாத்துக்கொள்ளுவார்" என்றார்.

வரும் வழியில் இவரிடம் சொன்னேன். இவர் வாகனத்தை நெடுஞ்சாலையிலிருந்து இறக்கினார். பிறகு, "இப்ப போய் நான் என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டார். கோபமாக இல்லை. நல்லாய்ப் பயந்த குரல். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போலவும் இருந்தது.

ஒக்டோபர் 22, புதன்

விரதம் தொடங்கிவிட்டது. பின்னேரம் பாலும் பழமும். இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து வாழைப்பழம் உரிக்கிறோம்.

ஒக்டோபர் 23, வியாழன்

வேலை முடிந்தபிறகு றெக்ஸ் இயந்திரத்தை எனக்காக இன்னும் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டான். மேப்பிள் கட்டிமரத்தில் புதிய கழுத்து. துளைக்குள்ளும் இரண்டு பூச்சு எண்ணெய். எதற்கு என்று கேட்டான். பேய்க்கு என்றேன். "பேய்க்கு மேப்பிளோ!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஒக்டோபர் 24, வெள்ளி

வாசல் பேயில் பூட்டினேன். செங்கல் கட்டி நூறு தரம் ஆட்டினேன். எண்ணி நூறு. அசையவில்லை. யோசெப்பின் தன் வீட்டு யன்னலால் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

கழற்றி, துணியில் சுற்றி, நான்கு திருகாணியையும் ஒரு பையில் போட்டு இவர் கையில் கொடுத்தேன். "நாளைக்குச் சூரனை மேல எடுக்கேக்குள்ள மாத்திவிடுங்கோ. திருத்தினது ஆர் எண்டு ஒருத்தரும் கேக்காயினம். உங்கட பேரிலயே இருக்கட்டும்."

தலையாட்டினார். மனம் கொஞ்சம் இறங்கியது.

ஒக்டோபர் 25, சனி

நாள் முழுக்கக் கோவிலில் நின்றுவிட்டு வந்தார். மாற்றியாச்சா என்று கேட்டேன். "ம்" என்றார்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

குளிர்கால ரயர் எடுக்க வாகனத்தின் பின்பெட்டியைத் திறந்தேன். ரயருக்குப் பின்னால் துணிச் சுற்று. நான் கட்டிய முடிச்சுக்கூட அவிழவில்லை.

என்ன மனுசனப்பா இது! என்ன மனுசன்!

சுற்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டேன். "எல்லாரும் நிண்டவை ஜெகா. குணரத்தினம் அண்ணை பக்கத்திலயே நிண்டார். புதுப் பெயின்றைச் சுரண்டிக் கழட்ட வேணும். ஏனெண்டு கேட்டா?" என்றார்.

"கேட்டாச் சொல்லுறது."

"என்ன சொல்ல? போன வருசம் போட்ட பொன்னாடை என்ர மனிசின்ர எண்டோ?"

"ஓம்! அப்பிடித்தான்! உங்கட தலையைவிட அந்தத் துணி பெரிசோ?"

கத்திவிட்டேன். விரதத்தோடு கத்தியதில் தலை சுற்றியது. கதிரையில் இருந்துவிட்டேன். இவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

குணரத்தினம் அண்ணையின் எண்ணை மூன்று தரம் எடுத்து மூன்று தரமும் வைத்துவிட்டேன். நான் சொன்னால் இவர் இனி அந்தக் கோவில் படி ஏறமாட்டார். என்னோடும் கதைக்கமாட்டார். சொல்லாவிட்டால்?

சொல்லாவிட்டால் நான் நாளைக்கு நின்று ஐந்து எண்ணவேண்டும்.

ஒக்டோபர் 27, திங்கள், காலை

நான் குளித்துவிட்டு வருவதற்குள் போய்விட்டார். துணிச் சுற்று மேசையில்தான் கிடக்கிறது.

அதே நாள், இரவு

அரைநாள் விடுப்பு எடுத்தேன். பட்டுச் சேலை, கைப்பைக்குள் திருகாணி முடுக்கி, கையில் அந்தச் சுற்று. கோவில் மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. சூரனை மேலே ஏற்றி, மாலை போட்டு, கழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பட்டு. முன்வரிசை முழுக்கச் சின்னப் பிள்ளைகள், சூரனின் காலைத் தொடும் தூரத்தில். அதை நான் யோசித்திருக்கவே இல்லை. இத்தனை நாளும் இவரைப் பற்றி மட்டும்தான் பயந்திருக்கிறேன்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சூரனுக்குப் பக்கத்தில் நின்றார். என் கையில் சுற்றைக் கண்டதும் முகம் வெளிறிப்போனது. "இப்ப வேண்டாம் ஜெகா. பேந்து" என்றார், உதடு அசையாமல்.

நான் நேரே குணரத்தினம் அண்ணையிடம் போனேன். "அண்ணை, அந்தக் கழுத்து உடையும். யானைத் தலையைத் தாங்காது. மாத்த வேணும்."

அவர் சிரித்தார். "ஆர் சொன்னது? பேரின்பநாதன் செய்தது கல்லு மாதிரி நிக்குது. என்ன பேரின்பநாதன்?"

சுற்றி நின்ற எட்டுப் பேரும் இவரைப் பார்த்தார்கள். மேளகாரர் தவிலுக்கு வார் இறுக்கிக்கொண்டிருந்தார். நான் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பலகை பிழை என்று சொன்னேன். செய்தவள் நான் என்று சொல்லவில்லை. அதை இவர்தான் சொல்லவேண்டும். வாய் திறந்து "ஓம் அண்ணை, நிக்கும்" என்று மூன்று சொல் சொன்னால் நான் வெறும் பைத்தியக்காரி.

இவர் பலகையில் ஏறினார். சிவப்புப் பட்டை விலக்கினார். கழுத்தைப் பெருவிரலால் அழுத்தினார். வெளியே பளபளவென்று இருந்த புது வண்ணம் பப்படம் மாதிரி நொறுங்கி, விரல் முழுக்க உள்ளே போனது.

வெளியே எடுத்து எல்லாருக்கும் காட்டினார். விரலில் ஈரத் தூள்.

"இது நான் செய்யேல்லை அண்ணை" என்றார். "போன வருசம் செய்தது இவ. நனைஞ்சிட்டுது, உடையும் எண்டு பத்து நாளா இவ சொல்லுறா. நான்தான் கேக்கேல்லை."

குணரத்தினம் அண்ணை ஒரு தரம் அவரையும் ஒரு தரம் என்னையும் பார்த்தார். பிறகு முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்தார். "பிள்ளையளைப் பின்னுக்கு எடுங்கோ" என்று சத்தம் போட்டுவிட்டு, என்னிடம், "எவ்வளவு நேரம் வேணும் பிள்ளை?" என்றார்.

"இருவது நிமிசம்."

"கெதியாப் பாரும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் ஏறினேன். இவர் கீழே நின்று ஒவ்வொரு திருகாணியாக எடுத்துத் தந்தார். பழைய கழுத்து என் கையோடு மூன்று துண்டாக வந்தது. புதியது அச்சுப் பிசகாமல் இறங்கியது.

சூரன்போர் அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. யானைத் தலை ஏறியது. எட்டுப் பேரும் ஓடி ஓடி ஆட்டினார்கள். நான் எண்ணினேன். ஐந்து. பத்து. முப்பதுக்குப் பிறகு விட்டுவிட்டேன். சிங்கத் தலை. சூரனின் சொந்தத் தலை. மாமரம். சேவல். ஒவ்வொன்றையும் தூக்கி வைக்கும்போது இவர் சனத்துக்குள் என்னைத் தேடினார். நான் தலையாட்டியபிறகுதான் கையை எடுத்தார்.

மேடைக்கு ஒருவரையும் கூப்பிடவில்லை. பொன்னாடையும் இல்லை. வெளியே வரும்போது இரண்டு பேர் இவரைக் கண்டும் காணாதது போல் செருப்பு மாட்டினார்கள். இவர் கவனித்தார்.

வாகனம் பாலத்தில் ஏறும்போது இவர், "நாளைக்கு விரதம் முடிச்சுப் பாறணைக்கு என்ன கறி வைப்பீர்?" என்று கேட்டார்.

"என்ன வேணும்?"

"நீர் எதை வைச்சாலும் சரி."

ஒக்டோபர் 29, புதன்

வாசல் பேய்க்குக் கழுத்து இல்லை. இருந்த மேப்பிள் கோவிலுக்குப் போய்விட்டது. இன்னொன்று செய்ய நேரமும் இல்லை, மனமும் இல்லை. தலை இல்லாத முண்டம் வாசலில் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து, தலை எங்கே என்று கேட்டார்கள். விடுமுறையில் போய்விட்டது என்றேன். யோசெப்பின் மட்டும் சிரித்தார்.

ஒக்டோபர் 31, வெள்ளி

இவர் இன்று துறைமுகத்திலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார். மாடிக்குப் போய், அலுமாரியைத் திறந்து, பொன்னாடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நேரே வாசலுக்குப் போனார். நான் யன்னலால் பார்த்தேன். கழுத்து இருந்த பொந்து தெரியாமல் பொன்னாடையைப் பேயின் தோளில் சுற்றினார். பிறகு ஒரு கதிரையைப் பின்னால் போட்டு ஏறி நின்று, பேயின் தோளுக்கு மேலால் தன்னுடைய தலையை வைத்துக்கொண்டார்.

"ஜெகா! வந்து கயிறை இழுமப்பா! பிள்ளையள் வருகினம்!"

பூசணிக்காய் விளக்கை ஏற்றிவிட்டு ஓடினேன். பின்னால் குந்தியிருந்து கயிற்றை இழுத்தேன். மேலே இவர் பல்லைக் காட்டி உறுமினார். இருபத்திநாலு வருடத்தில் இந்த மனுசன் உறுமி நான் கேட்டதில்லை. பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடி, சொக்கிலேற்றுக்குத் திரும்பி வந்தார்கள். தலைக்குக் குளிராதா என்று ஒரு சின்னவள் கேட்டாள். குளிரும் என்றார்.

ஒரு பிள்ளையின் தகப்பன் நின்று, கையையும் கயிற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நீங்களா செய்தது என்று பிரெஞ்சில் கேட்டார். எனக்கு இழுத்த கயிறு கையிலேயே நின்றுவிட்டது.

"நோன்" என்றது மேலே இருந்த தலை. "மா ஃபாம்."

எட்டு மணி வரைக்கும் அதே கேள்வியை ஏழு பேர் கேட்டார்கள். ஏழு பேருக்கும் என் மனைவி என்றுதான் சொன்னார். ஏழாவது ஆளுக்கு, எங்கே என்று அவர் கேட்காமலே, பின்னால் குந்தியிருந்த என்னைக் கையைப் பிடித்து எழுப்பிக் காட்டினார்.